எடுத்ததற்கு ஈடாக ஒன்று: நீர்ச் சுத்திகரிப்பில் ரெசின் மணிகளின் வேலை

கடின நீரை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்னர் தொட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி ரெசினை அள்ளிப் பாருங்கள். முதலில் ஈர மணல் போலத்தான் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் உருண்டையான மணி என்பது தெரியும். தேன் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே பார்க்கலாம். பெரும்பாலான மணிகள் 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இருக்கும். ஒட்டியிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு எடை போட்டாலும் அந்த எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான், அது மணிக்குள்ளேயே இருக்கிறது. அந்த உள் தண்ணீரில்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

இதைப் பலரும் ஃபில்டர் என்றே சொல்கிறார்கள். பேச்சுக்குச் சரி, ஆனால் அந்தச் சொல் புரிதலைக் கெடுத்துவிடுகிறது. ஃபில்டர் என்றால் தூசியைத் தடுத்து நிறுத்தும், தண்ணீரை விடும். கரைந்துபோன உப்பை அப்படிச் சல்லடை போட்டுப் பிடிக்க முடியாது. ரெசின் செய்வது பண்டமாற்று. தண்ணீரிலிருந்து ஓர் அயனியை வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருந்த வேறோர் அயனியைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. கொடுக்காமல் வாங்கவே அதனால் முடியாது. அதனால் எந்த ரெசின் தொட்டியின் முன் நின்றாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எதை எடுக்கிறது, பதிலுக்கு எதைத் தருகிறது, எடுத்தது கடைசியில் எங்கே போகிறது. முதல் கேள்விக்கு விளம்பரத்திலேயே பதில் இருக்கும். மற்ற இரண்டையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மணிக்குள் என்ன இருக்கிறது

இன்று பரவலாகப் பயன்படும் ரெசின் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ஸ்டைரீன் சங்கிலிகள் தனித்தனியாகக் கிடந்தால் கரைந்துவிடும், அல்லது கூழாகிவிடும். ஆகவே டைவினைல்பென்சீன் என்ற பொருளைச் சேர்த்துச் சங்கிலிகளை அங்கங்கே குறுக்கே கட்டிவிடுகிறார்கள். வழக்கமான ரெசினில் இந்தக் குறுக்குக் கட்டு 8 சதவீதம். குறைந்தால் மணி அதிகமாக ஊதும், மெத்தென்று ஆகிவிடும். கூடினால் உறுதி வரும், ஆனால் அயனிகள் உள்ளே போய்வர இடம் நெருக்கமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்தான் அந்த 8.

அடுத்து இந்த மணியைக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் சங்கிலி நெடுகச் சல்ஃபோனிக் தொகுதிகள் பொருந்திவிடும். ஒவ்வொன்றும் ஓர் எதிர்மின்சுமை. இது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டது, இடம்விட்டு நகராது. ஆனால் மின்சமநிலை குலையக் கூடாது என்பதால் பக்கத்திலேயே ஒரு நேர்மின் அயனி இருந்தாக வேண்டும். அது சோடியமாக இருக்கலாம், ஹைட்ரஜனாக இருக்கலாம், கால்சியமாக இருக்கலாம். யார் இருக்கிறார்கள் என்பது மாறலாம், இடம் மட்டும் காலியாக இருக்க முடியாது. பண்டமாற்று என்று சொன்னதன் காரணம் முழுக்க இந்த ஒரு விதியில் அடங்கிவிட்டது.

இதேபோல் பாலிஸ்டைரீன் மணியில் நான்கிணைய அம்மோனியம் தொகுதிகளைக் கட்டினால் நிலைத்த சுமை நேர்மின்னாக மாறும். அப்போது அது குளோரைடு, சல்பேட், நைட்ரேட் போன்ற எதிர்மின் அயனிகளைப் பரிமாறும். முதல் வகையைக் கேட்டயான் ரெசின் என்றும் இரண்டாவதை ஆனயான் ரெசின் என்றும் ஆலைகளில் சொல்வார்கள். மூட்டையைத் திறந்ததும் மூக்காலேயே இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனயான் ரெசினில் மெல்லிய மீன் வாடை அடிக்கும். அதைத் தயாரிக்கப் பயன்படும் ட்ரைமெத்தில் அமீனின் வாசனை அது, கெட்டுப்போகும் மீனிலிருந்து எழுவதும் அதே பொருள்தான்.

ஒரு லிட்டர் கேட்டயான் ரெசினில் ஏறக்குறைய 2 சமானம் (மின்சுமைகளை எண்ண வேதியியலார் பயன்படுத்தும் அலகு) அளவுக்குப் பரிமாற்ற இடங்கள் உண்டு. கணக்குப் போட்டால் 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு மணிக்குள் கிட்டத்தட்ட 2,000 கோடி கோடி இடங்கள் வருகின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மணியின் உள்ளே இருப்பவை. மேற்பரப்பில் மட்டும் நடக்கும் வேலையாக இருந்திருந்தால் இந்தத் தொழிலே உருவாகியிருக்காது.

மண்ணிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

இந்தப் பரிமாற்றம் ஆய்வகத்தில் பிறந்ததல்ல, மண்ணுக்குள் எப்போதும் நடந்துகொண்டிருப்பது. இங்கிலாந்தில் எச். எஸ். தாம்ப்சன் என்ற நில உரிமையாளர் உரக் கரைசலான அம்மோனியம் சல்பேட்டை மண் வழியே இறக்கிப் பார்த்தார். அடியில் சொட்டியது கால்சியம் சல்பேட். அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விட்டுவிட்டது. ஜே. டி. வே என்ற வேதியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து 1850 முதல் எழுதினார். எடுத்ததற்குச் சரிசமமான அளவில் இன்னொன்று வெளியே வருகிறது என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் செயற்கை அலுமினோசிலிகேட்டுகளைக் கொண்டு கடின நீரை மென்மையாக்கிக் காட்டினார். ஆனால் அமிலம் பட்டால் அவை சிதைந்துவிடும். அதனால் சாஃப்ட்னர் வேலையைத் தாண்ட முடியவில்லை. 1935இல் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு ரெசினுக்கு அயனிகளைப் பரிமாறும் குணம் உண்டு என்று காட்டினார்கள். அப்புறம் 1940களில் அமெரிக்காவில் கெய்டானோ டி’அலெலியோ ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் மணிகளைச் சல்ஃபோனேற்றம் செய்து காப்புரிமை பெற்றார். இன்று தொட்டிகளில் கிடப்பது அந்த மணியின் நேரடி வாரிசு. அமிலம், காரம் இரண்டையும் தாங்கும் இந்தப் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் தண்ணீரிலிருந்து உப்பு முழுவதையும் நீக்குவது பெரிய அளவில் கைகூடியது.

யாருக்கு முன்னுரிமை

ரெசினுக்கு எல்லா அயனியும் ஒன்றல்ல. கேட்டயான் ரெசின் பொதுவாக ஒற்றைச் சுமை உள்ள சோடியத்தை விட இரட்டைச் சுமை உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அதிகம் விரும்பும். ஒரே சுமை உள்ளவற்றுக்குள் பொட்டாசியத்துக்கு முதலிடம், அடுத்து சோடியம், கடைசியில் ஹைட்ரஜன். ஆனயான் பக்கம் பார்த்தால் சல்பேட், நைட்ரேட், குளோரைடு, பைகார்பனேட், ஃப்ளூரைடு, ஹைட்ராக்சைடு என்று விருப்பம் படிப்படியாக இறங்கும். இந்த வரிசை மனப்பாடமாக இருந்தால் ஒரு தொட்டி எப்போது, எதனால் தோற்கும் என்பதைக் கிட்டத்தட்ட முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சாஃப்ட்னரை எடுத்துக்கொள்வோம். சோடியம் நிரம்பிய ரெசின் வழியே கடின நீர் போகிறது. கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே ஏறுகின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோடியம் வெளியே வருகிறது. பாய்லர் குழாயில் படிவு கட்டாது, சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு குறையவே இல்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் தண்ணீரில் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். கடினத்தன்மை 300 என்றால் 138 மில்லிகிராம் சோடியம். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாஃப்ட்னர் வைத்த பிறகும், கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்கவில்லை, மெஷின் பழுது என்று சிலர் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

சரி, சோடியம் தீர்ந்த பிறகு? ரெசின் கால்சியத்தைத்தான் அதிகம் விரும்புகிறது என்றால் சாதாரண உப்புக் கரைசலை விட்டு அந்தக் கால்சியத்தை எப்படி வெளியே தள்ள முடிகிறது? இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு கால்சியம் இரண்டு இடங்களைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்ப இரண்டு சோடியம் சேர்ந்து வர வேண்டும். கரைசலில் சோடியத்தின் செறிவை 10 மடங்காக்கினால், இரண்டு சோடியம் ஒரே இடத்துக்கு வந்து சேரும் வாய்ப்பு 10 பெருக்கல் 10, அதாவது 100 மடங்காகிறது. கால்சியம் திரும்பி வந்து உட்காரும் வாய்ப்பு அதன் செறிவுக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். ஆகவே நீர்த்த தண்ணீரில் உறுதியாக இருந்த கால்சிய விருப்பம் கெட்டியான உப்புக் கரைசலில் தளர்ந்துபோகிறது. அதனால்தான் ரீஜெனரேஷனுக்கு, அதாவது தீர்ந்த ரெசினை மீட்டெடுக்க, ஏறக்குறைய 10 சதவீத உப்புக் கரைசல் கேட்கிறார்கள். அதே அளவு உப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து விட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும். எத்தனை கிலோ உப்பு போட்டோம் என்பதோடு எவ்வளவு கெட்டியாக அது ரெசினைத் தொட்டது என்பதும் முக்கியம். உப்புத் தொட்டியில் தண்ணீர் அளவு கூடிவிட்ட சாஃப்ட்னர்கள் சரியாக மீளாததற்கு இது ஒரு காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 லிட்டர் ரெசின், 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர். லிட்டர் ரெசினுக்கு 50 கிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்கு நடைமுறைத் திறன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 16,600 லிட்டர் மென்னீர் கிடைக்கும். அதை மீட்கக் கணக்குப்படி 5.85 கிலோ உப்பு போதும். நடைமுறையில் 12 கிலோ அளவில் போடுவார்கள். மிச்ச உப்பும், ரெசினிலிருந்து இறங்கிய கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து வடிகாலுக்குப் போகின்றன. மூன்றாவது கேள்வி இங்கே முதல்முறை தலைகாட்டுகிறது, அதற்குப் பிறகு வருவோம்.

உப்பே இல்லாத தண்ணீர்

உயர் அழுத்த பாய்லருக்கோ சிப் தயாரிப்புக்கோ மென்னீர் போதாது, அயனியே இருக்கக் கூடாது. அதற்குக் கொடுக்கும் பண்டத்தை மாற்றினார்கள். கேட்டயான் ரெசினில் சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனி, ஆனயான் ரெசினில் குளோரைடுக்குப் பதில் ஹைட்ராக்சைடு. முதல் தொட்டி ஹைட்ரஜனைத் தருகிறது, இரண்டாவது தொட்டி ஹைட்ராக்சைடைத் தருகிறது, இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். கொடுத்தது தெரியாமலேயே போய்விடுகிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை நீர்ச் சுத்திகரிப்பில் நான் பார்த்ததில்லை.

முதல் தொட்டியைத் தாண்டிய தண்ணீர் நீர்த்த அமிலம். அதிலிருந்த பைகார்பனேட் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். இதை அப்படியே ஆனயான் ரெசினுக்கு அனுப்பினால் அதன் திறன் வீணாகும். ஆகவே நடுவில் டிகாசர் கோபுரம் வைத்து, மேலிருந்து தண்ணீரும் கீழிருந்து காற்றும் விட்டு வாயுவை வெளியேற்றுகிறார்கள். வெறும் காற்றால் முடிகிற வேலைக்கு, ஆனயான் ரெசினை மீட்கும் காஸ்டிக் சோடாவைச் செலவழிக்க வேண்டாமே.

கேட்டயான் தொட்டியின் பலவீனம் சோடியம். வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தாலும் மற்றவற்றை விடக் கீழே இருக்கிறது. பழைய முறையில் ரெசினை மீட்கும் அமிலத்தையும் மேலிருந்து கீழேதான் விடுவார்கள், தண்ணீரையும் அப்படியே. அமிலம் மேல்பகுதியை நன்றாகச் சுத்தம் செய்யும். தள்ளப்பட்ட சோடியத்தில் ஒரு பகுதி தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். அடுத்த சுற்றில் தண்ணீர் மேலே அமிலமாக மாறி இறங்கி வரும்போது அந்த அடிச் சோடியத்தைத் தானே பெயர்த்து எடுத்துக்கொண்டு வெளியேறும். வரும் தண்ணீரில் குற்றமில்லை, கடைசி அங்குலத்து ரெசின்தான் அழுக்கு. இதற்குத் தீர்வு எதிரோட்டம். தண்ணீர் ஒரு திசை, அமிலம் மறுதிசை. அப்போது தண்ணீர் கடைசியாகத் தொடும் ரெசினே முழுவதும் சுத்தமான ரெசினாக இருக்கும். குறைந்த அமிலத்தில் மேலான தண்ணீர். ரெசினில் எதையும் மாற்றவில்லை, குழாய் இணைப்பை மாற்றியதில் கிடைத்த லாபம் இது.

ஆனயான் தொட்டியின் பலவீனம் சிலிக்கா. அது மிக மிக வலுவற்ற அமிலமாகத் தண்ணீரில் இருக்கிறது, ரெசின் அதைக் கடைசி விருப்பமாகத்தான் ஏற்கும். ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவுவதும் அதுவே. உயர் அழுத்தத்தில் சிலிக்கா நீராவியோடு ஏறிப் போய் டர்பைன் இறக்கைகளில் கண்ணாடி போலப் படியும். ஆகவே லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கச் சொல்லும் ஆலைகள் உண்டு. அதற்காகக் காஸ்டிக் கரைசலை 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி விடுவார்கள், குளிர்ந்த காஸ்டிக்கில் படிந்த சிலிக்கா எளிதில் இறங்காது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிலிக்கா நழுவத் தொடங்கும் நேரத்தில், தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் ஏறாது, முதலில் சற்றே இறங்கும். கேட்டயான் தொட்டியிலிருந்து கசியும் சோடியம் வழக்கமாகச் சோடியம் ஹைட்ராக்சைடாக வெளியே வரும், அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சிலிக்கா வந்து சேர்ந்ததும் அது சோடியம் சிலிகேட்டாக மாறும், கடத்தும் திறன் குறையும். எண் இறங்கியதைப் பார்த்துப் புது ஆள் சந்தோஷப்படுவார். பழைய ஆபரேட்டர் எழுந்து போய்ச் சிலிக்கா சோதனைக்குச் சாம்பிள் பிடிப்பார்.

மிஞ்சியிருக்கும் துளி அயனிகளுக்காக மிக்ஸட் பெட் வைப்பார்கள். இரண்டு ரெசினையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால், ஆயிரக்கணக்கான சின்னத் தொட்டிகளை வரிசையாக அடுக்கியது போல. கேட்டயான் மணி விட்ட ஹைட்ரஜனைப் பக்கத்து ஆனயான் மணியின் ஹைட்ராக்சைடு உடனே தண்ணீராக்கிவிடுவதால் வினை திரும்ப வழியில்லை. நல்ல மிக்ஸட் பெட்டிலிருந்து வரும் தண்ணீரை, 25 டிகிரியில் 18.2 மெகாஓம்-செ.மீ. மின்தடைத்திறன் என்ற கோட்பாட்டு எல்லையை நெருங்கும் அளவுக்குக் கொண்டுபோகலாம். தண்ணீர் தானாகவே பிரிந்து தரும் அயனிகளைத் தவிர அதில் வேறு அநேகமாக ஒன்றும் இல்லை என்று பொருள்.

ஆனால் கலந்ததைப் பிரித்தால்தான் ரீஜெனரேஷன் செய்ய முடியும். அந்தக் காட்சியைத் தொட்டியின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். கீழிருந்து தண்ணீர் விட்டதும் மொத்த ரெசினும் பொங்கி எழும். கேட்டயான் மணியின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.2 மடங்கைத் தாண்டும், ஆனயான் மணி 1.1 மடங்கை ஒட்டி. வெளிர் மணிகள் மேலே மிதக்கும், கருத்தவை அடியில் இறங்கும், சில நிமிடங்களில் நடுவே கோடு போட்டது போல ஓர் எல்லை தெரியும். அப்புறம் மேலிருந்து காஸ்டிக், கீழிருந்து அமிலம், இரண்டும் அந்த எல்லையில் பொருத்திய குழாய் வழியே வெளியேறும். கழுவி முடித்ததும் காற்றடித்து மறுபடி கலப்பார்கள். ஒரு ஆலையில் அவசரத்தில் எல்லை தெளியும் முன்பே காஸ்டிக்கைத் திறந்துவிட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். மேல் அடுக்கில் சிக்கியிருந்த கேட்டயான் மணிகள் காஸ்டிக்கிலிருந்த சோடியத்தை முழுவதும் வாங்கிக்கொண்டன. அடுத்த ஓட்டத்தில் அவை அந்தச் சோடியத்தை நிதானமாகத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்தன. எத்தனை மணி நேரம் கழுவியும் எண் இறங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது பெரும் உப்பைக் குறைக்கும் வேலையை ஆர்ஓ சவ்வுகள் பல இடங்களில் எடுத்துக்கொண்டுவிட்டன. ரெசின் அதற்குப் பின்னால் மெருகேற்றும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அங்கும் அமிலம், காரம் இல்லாமல் மின்சாரத்தாலேயே ரெசினை ஓயாமல் மீட்கும் இடிஐ என்ற அமைப்பு வந்துவிட்டது. சவ்வுகளுக்கு நடுவே ரெசினை அடைத்து மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். தண்ணீர் மூலக்கூறே பிளந்து ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சைடையும் தருகிறது.

குடிநீரில்: நைட்ரேட்டின் பாடம்

உரம் அதிகம் இறங்கிய நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும் என்பதை வைத்து வந்த எண் இது. குளோரைடு நிரப்பிய ஆனயான் ரெசின் நைட்ரேட்டை எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் வரிசையை நினைவுகூருங்கள்: சல்பேட் நைட்ரேட்டுக்கு மேலே இருக்கிறது.

தண்ணீரில் சல்பேட்டும் இருந்தால் அது மேல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த நைட்ரேட்டைக் கீழே தள்ளிக்கொண்டே வரும். தொட்டியில் நைட்ரேட் ஒரு பட்டையாகச் சேர்ந்து அடியை நோக்கி நகரும். ரீஜெனரேஷன் நேரத்தைத் தவறவிட்டால் அந்தப் பட்டை மொத்தமாக வெளியே வரும். அப்போது சுத்திகரித்த தண்ணீரில் நைட்ரேட், வந்த தண்ணீரில் இருந்ததை விட அதிகம். தீர்ந்துபோன கார்பன் ஃபில்டர் பொதுவாகச் சும்மா இருக்கும். தீர்ந்துபோன ரெசின் சும்மா இருக்காது, சேமித்ததைத் திருப்பிக் கொடுக்கும். நைட்ரேட் தண்ணீருக்கு ரெசின் வைத்துவிட்டுப் பரிசோதனை செய்யாமல் விடுவது எனக்குப் பயம் தரும் விஷயம், ஏனென்றால் தண்ணீரின் நிறமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காது.

வேதியியலாளர்கள் கண்ட வழி புத்திசாலித்தனமானது. சல்பேட்டுக்கு இரண்டு சுமை, அது உட்கார அக்கம்பக்கமாக இரண்டு இடம் வேண்டும். அம்மோனியம் தொகுதியில் மெத்திலுக்குப் பதில் பருமனான எத்தில் அல்லது பியூட்டைல் கைகளைப் பொருத்தினால் இடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடும். சல்பேட்டுக்கு இருக்கை எட்டாமல் போகும், ஒற்றைச் சுமை நைட்ரேட்டுக்குச் சிக்கல் இல்லை. வரிசை தலைகீழாகிவிடுகிறது. இந்த ரெசினில் எல்லை தாண்டினாலும் நைட்ரேட் வந்த அளவைத் தாண்டிக் குவிந்து வராது.

ஆர்சனிக்குக்கு வேறு நிபந்தனை. ஐந்திணைய ஆர்சனிக் சாதாரண தண்ணீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால் ஆனயான் ரெசின் பிடிக்கும். மூவிணைய ஆர்சனிக் சுமையற்ற மூலக்கூறாகவே இருக்கும், ரெசினைத் தொடாமல் கடந்துபோகும். ஆகவே முதலில் குளோரின் போன்ற ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். ஃப்ளூரைடு விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம்: சாதாரண ஆனயான் ரெசின் அதற்குச் சரியான கருவி அல்ல. விருப்ப வரிசையில் அது அவ்வளவு கீழே இருக்கிறது, மற்ற அயனிகளே எல்லா இடத்தையும் அடைத்துவிடும். அதற்கு ஆக்டிவேட்டட் அலுமினாவோ ஆர்ஓவோதான் பொருத்தம்.

அண்மைக் காலத்தில் ரெசினுக்குப் புது வேலை தந்திருப்பவை பிஃபாஸ் எனப்படும் ஃப்ளோரின் சேர்மங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் இவற்றில் இரண்டுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று எல்லை வகுத்தது. இந்த மூலக்கூறின் தலையில் எதிர்மின்சுமை, நீண்ட வாலோ தண்ணீரை வெறுப்பது. தலையை ரெசினின் சுமை பிடிக்கிறது, வால் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பிடி என்பதால் எளிதில் விடாது, உப்புக் கரைசல் மட்டும் விட்டால் இறங்கவும் இறங்காது. ஆகவே பல இடங்களில் ஒருமுறை பயன்படுத்தி எடுத்து, உயர் வெப்பத்தில் எரிக்க அனுப்புகிறார்கள்.

மணி எப்படிக் கெடுகிறது

நன்றாகப் பராமரித்த கேட்டயான் ரெசின் பல ஆண்டுகள் உழைக்கும். அதைக் கெடுப்பவை பெரும்பாலும் தண்ணீரோடு வருபவையே. இரும்பு கரைந்த நிலையில் உள்ளே போய் அங்கேயே துருவாக மாறினால் தேன் நிற மணி கருஞ்சிவப்பாகிவிடும், உப்புக்கு அது அசையாது, அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். குளோரின் குறுக்குக் கட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். மணி ஊதி, விரலால் நசுக்கினால் கூழாகும் நிலைக்கு வரும். இலைதழை மக்கிய தண்ணீரிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் ஆனயான் ரெசினுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். அதற்கு வெதுவெதுப்பான உப்பும் காஸ்டிக்கும் கலந்த கரைசலால் கழுவுவார்கள். வெப்பத்தையும் ஆனயான் ரெசின் அதிகம் தாங்காது. ஹைட்ராக்சைடு நிலையில் 60 டிகிரிக்கு மேல் போனால் அதன் அம்மோனியத் தொகுதிகள் உதிரத் தொடங்கும், அந்த மீன் வாடையும் கூடும்.

சேமிப்பில் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மூட்டை திறந்து கிடந்து ரெசின் உலர்ந்துபோனால், பதறிப்போய் அதில் தண்ணீரை ஊற்றக் கூடாது. சுருங்கிய மணி சட்டென்று ஊதி வெடித்துச் சில்லுச் சில்லாகும். முதலில் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு மெல்ல மெல்ல நீர்க்கச் செய்தால் மணி பிழைக்கும்.

எடுத்தது எங்கே போகிறது

கழிவு வடிகாலுக்குப் போனதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. உப்பு முழுவதையும் நீக்கும் டிஎம் ஆலையின் அமிலக் கழிவையும் காரக் கழிவையும் ஒரே குழியில் சேர்த்து நடுநிலையாக்கி விடுவார்கள். பிஎச் சரியாகிவிடும், உப்பு எங்கும் போகாது. உண்மையில் வெளியேறும் உப்பு தண்ணீரிலிருந்து எடுத்த உப்பை விட அதிகம், ரீஜெனரேஷனுக்குப் போட்ட அமிலமும் காரமும் அதில் சேர்ந்துவிட்டனவே. சாஃப்ட்னரின் உப்புக் கரைசலும் அப்படித்தான். குளோரைடைச் சாதாரணக் கழிவுநீர் நிலையம் நீக்காது, அது நேரே ஆற்றுக்குப் போகும். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் ஆற்றின் குளோரைடு கீழ்ப்பகுதிப் பயிர்களைப் பாதிக்கிறது என்ற பிரச்சினை எழுந்தபோது, வீடுகளில் உப்பால் தானாக மீளும் சாஃப்ட்னர்களை அகற்ற 2008இல் மக்கள் வாக்களித்தார்கள். வீட்டுக்குள் மென்மையான தண்ணீர், ஆற்றங்கரையில் உப்புத் தண்ணீர். அந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஊர் பார்க்க நேர்ந்ததால்தான் அந்த முடிவு வந்தது. எதிரோட்டமும், நேரத்தைப் பார்க்காமல் ஓடிய தண்ணீரின் அளவைப் பார்த்து ரீஜெனரேஷன் செய்யும் வால்வுகளும் உப்பைக் குறைக்கின்றன. நான் யாருக்கும் சாஃப்ட்னர் பரிந்துரைத்தால் அந்த அளவுமானி உள்ள வால்வைத்தான் சொல்வேன்.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாவது அணு உலைகளில். அங்கே ரெசினுக்குள் சேர்வது சீசியம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட் ஆகியவற்றின் கதிரியக்க அயனிகள். ரெசினை மீட்டால் அவ்வளவும் கரைசலாகத் திரும்பக் கைக்கு வரும். அதனால் பெரும்பாலும் மீட்பதில்லை, ரெசினையே கழிவாக மூடிப் புதைக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு விபத்துக்குப் பிறகு, துணைக் கட்டடத்தில் தேங்கிய கதிரியக்க நீரை எபிகோர்-2 என்ற ரெசின் அமைப்பு சுத்தம் செய்தது. அதிக மாசுள்ள நீருக்கு ஜியோலைட் என்ற, அயனிகளைப் பரிமாறும் கனிமத்தைப் பயன்படுத்தினார்கள். லட்சக்கணக்கான லிட்டர் நீரில் கரைந்திருந்த சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் சில கலன்களுக்குள் அடங்கின.

ட்ரிட்டியம் மட்டும் எல்லாத் தொட்டிகளையும் தாண்டி வந்தது. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், தண்ணீர் மூலக்கூறுக்குள்ளேயே ஓர் உறுப்பாக இருக்கிறது. ஆகவே அதைத் தனியாகப் பிடித்து ஈடு கொடுக்க ரெசினால் முடியவில்லை. மிஞ்சிய அந்த நீரை 1990களின் தொடக்கத்தில் ஆவியாக்கிக் காற்றில் விட்டார்கள். ஃபுகுஷிமாவிலும் மற்றவற்றைப் பிடித்த பிறகு எஞ்சிய ட்ரிட்டியம் நீரைத்தான் நிறையக் கடல் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, 2023 ஆகஸ்ட் முதல் கடலுக்குள் விட்டுவருகிறார்கள்.